இருபத்தாறாவது காந்தம்

பிப்ரவரி முதல் புதன்.
விடியுமுன்னே வந்து ஃபேக்ஸ் இயந்திரத்துக்குக் காகிதம் போட்டேன்.
மிசிசிப்பியில் அன்று மழையில்லை,
மழைக்கு முந்திய புழுக்கம்.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு முதல் கடிதம்.
திரேவியன் ஹோலோவே, பெல்சோனி.
அவன் கையெழுத்துக்குக் கீழே அவன் அம்மாவுடையது.
இரண்டுக்கும் ஒரே பேனா.
மை தீரும் நேரம்போல;
அம்மாவின் பெயரில் கடைசி எழுத்துகள் வெறும் கீறல்.

மதியத்துக்குள் இருபத்தொன்பது கடிதங்கள்.
விதி சொல்வது இருபத்தைந்து.
எச்சில் தொட்டு மறுபடி எண்ணினேன்.
இருபத்தொன்பதுதான்.

பயிற்சியாளர் டாக்கெட் சிரித்தார்.
“ஆகஸ்டுக்குள் கணக்கு தானே நேராகிவிடும், வெர்லீன்.”

கணக்கு தானே நேராகாது.
ஒருவன் அல்ஜீப்ராவில் தோற்க வேண்டும்.
ஒருவன் பின்னிரவில் யாருடைய காரிலோ அகப்பட வேண்டும்.
ஒருவனுக்கு முழங்கால் போக வேண்டும்.
எந்த வீடுகள் என்று தெரியாமலே
நான்கு வீட்டுக் கெட்ட செய்தியை
முன்பணம்போல் வாங்கி வைத்திருந்தார் அவர்.

வரம்பைப் போட்டவர்கள் நல்லவர்கள்தான்.
பணமுள்ள கல்லூரி பையன்களையெல்லாம்
வாரிக்கொண்டு போகக் கூடாதென்றுதான் போட்டார்கள்.
வரம்பு உயர்ந்தது.
நண்டுக்கு அதில் வளை தோண்ட இடம் கிடைத்தது.

சுவரில் வெள்ளைப் பலகை,
அதில் பெயருக்கொரு காந்தம்.
பந்திக்கு முந்தலாம், படைக்குப் பிந்தலாம்;
பந்தியே படையாக இருக்கும் இடத்தில்
முந்தி வந்தவன் என்ன செய்வான்?

மே மாதம் அல்ஜீப்ரா ஒருவனை எடுத்தது.
ஜூனில் கார்.
இன்னொருவன் டெக்சாஸ் மாமாவோடு
கூரை போடப் போய்விட்டான்.
ஜூலையில் பலகையில் இருபத்தாறு.

டாக்கெட் நெடுநேரம் பலகை முன் நின்றார்,
கடையில் தர்பூசணி தட்டிப் பார்ப்பவர்போல.
பிறகு ஒரு காந்தத்தை மட்டும் எடுத்து
என் மேசையில் வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனார்.

நான்தான் அழைத்தேன்.
“ஜனவரியில் வரலாம், தம்பி. அதுவரை உன் செலவு.
இடம் அப்படியே இருக்கும்.”
அப்படியே இருக்கும் என்பதை
எழுதித் தரச் சொல்லவில்லை அவன்.
ஒன்றுதான் கேட்டான்:
“மேடம், என் கடிதம் எத்தனையாவதாக வந்தது?”

முதலாவது என்று எப்படிச் சொல்வேன்.
“அதெல்லாம் குறித்துவைப்பதில்லை” என்றேன்.
தாளின் தலையில் ஏழு நான்கு என்று
இயந்திரமே அச்சடித்திருந்தது.

அவன் கெளுத்தி ஆலைக்கு வேலைக்குப் போனான்,
அம்மா நிற்கும் அதே வரிசையில்,
அவள் தலை வெட்ட, அவன் தோல் உரிக்க.
இது எனக்குப் பிறகு தெரிந்தது.
அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம்
கோப்பை எந்த அறையில் வைப்பது என்பதுதான்.

ஆகஸ்ட் பதினொன்று. நூற்றிரண்டு டிகிரி.
ஜன்னலை மூடியிருந்தும் கேட்டது,
ஈரக் கிளை ஒடிவதுபோல் ஒரு சத்தம்.
அதன்பின் மைதானத்தில் ஒருவரும் கத்தவில்லை.

மாலைக்குள் மருத்துவர் கையொப்பம் வந்தது.
டாக்கெட் கதவிடுக்கில் தலையை நீட்டி
“அந்தப் பெல்சோனிப் பையனைக் கூப்பிடு” என்றார்.
அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, சத்தியமாக.
கணக்கு நேரான முகம் மட்டும்.

ஆலைக்குள்ளேயே போனை எடுத்தான்.
பின்னால் பட்டைகள் ஓடும் இரைச்சல், தண்ணீர்.
இடம் வந்திருக்கிறது என்றேன்.

“யாருடைய முழங்கால்?”

முழங்கால் என்று நான் சொல்லவேயில்லை.

“காசியஸ் ப்ரூயிட்.”

கோடை முகாமில் இருவருக்கும் ஒரே அறை.
அவன் உறக்கத்தில் பாடுவான் என்று
எனக்குச் சொன்னவனே திரேவியன்தான்.

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது.
போன் விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“பஸ் எத்தனை மணிக்கு?” என்றான்.